உரலில் பிறந்த ஒரு சொல்

மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காக அகராதியைத் திறக்கின்றோம். ஒரு சொல்லுக்கு எதிரே நாலைந்து பொருள்கள் நிற்கின்றன. பெரும்பாலும் முதலாவதை எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுகின்றோம். அப்படிப் போவதால் எவ்வளவு தவறிப்போகின்றது என்பதற்கு 'மோர்ட்டர்' என்னும் ஆங்கிலச் சொல் நல்ல உதாரணம். உரல், சுவர் கட்டும் சாந்து, குண்டு எறியும் ஆயுதம் ஆகிய மூன்றுக்கும் அது ஒன்றே பெயர். அடுப்படிக்கும் கட்டடத்துக்கும் போர்க்களத்துக்கும் என்ன உறவு? தேடிப் பார்த்தபோது நான் அறிந்தவற்றை இங்கே தருகின்றேன்.

இச்சொல்லின் மூலம் இலத்தீன் மொழியின் 'மோர்ட்டாரியம்'. இடிக்கவும் அரைக்கவும் உதவும் குழிந்த பாத்திரம் என்பது அதன் பொருள். அதில் இட்டுக் குழைத்த கலவையையும் உரோமர் அதே பெயரால் அழைத்தனர். "இரண்டு கோப்பை குடித்தேன்" என்கின்றோம். குடித்தது கோப்பையை அல்ல, தேநீரை. நாம் வகுப்பில் படிக்கும் இடவாகுபெயரும் இத்தகையதே. இவ்வழியாகவே பாத்திரத்தின் பெயர் கட்டடச் சாந்துக்கும் ஆகிவந்தது.

அக்காலச் சாந்து சுண்ணாம்பால் ஆனது. சுண்ணாம்பு 1 பங்குக்குக் குழிமணல் 3 பங்கு, ஆற்று மணல் அல்லது கடல் மணலாயின் 2 பங்கு என்று உரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதியுள்ளார். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டு, நீர் விட்டு நீற்றி, மணலோடு குழைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி மீண்டும் கல்லாக இறுகும். நம் நாட்டின் காலிக் கோட்டையிலும் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் உள்ளன. இன்று நாம் பாவிக்கும் போட்லண்ட் சீமெந்துக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டது 1824ஆம் ஆண்டில்தான்.

மூன்றாவது பொருள் உருவ ஒற்றுமையால் வந்தது. குட்டையான குழாயும் அகன்ற வாயும் கொண்டு வானை நோக்கி நின்ற பீரங்கி, பார்ப்பதற்கு உரல் போலவே இருந்தது. அதன் குண்டு நேராகப் பாயாமல், உயர்ந்து வளைந்து மதிலுக்கு அப்பால் விழும். 1453இல் கொன்ஸ்தாந்திநோபிளை முற்றுகையிட்ட சுல்தான் இரண்டாம் முஹம்மதின் படையிலும் இத்தகைய பீரங்கி இருந்தது. ஒருவர் இருவர் தூக்கிச் செல்லக்கூடிய இன்றைய வகைக்கு, முதலாம் உலகப் போரின்போது 1915இல் ஸ்டோக்ஸ் என்ற ஆங்கிலேயர் அமைத்த ஆயுதமே முன்னோடி.

அரபு மொழியிலும் இதே கதை உண்டு. பாரசீகத்திலிருந்து வந்த 'ஹாவன்' என்ற சொல் மருந்தும் வாசனைப் பொருளும் இடிக்கும் சிறு உரலைக் குறிக்கும். இன்றைய அரபுச் செய்திகளில் அதுவே இந்த ஆயுதத்தின் பெயர். ஆனால் அச்சொல் கட்டடச் சாந்தின் பக்கம் போகவில்லை.

தமிழோ வேறு வழியில் சென்றது. உரல் உரலாகவே நின்றது. எங்கள் உம்மம்மாமாரின் பாக்குரலுக்கு எந்தப் பீரங்கியும் சொந்தம் கொண்டாடவில்லை. 'சாந்து' என்ற சொல் மார்பில் பூசும் சந்தனக் குழம்புக்கும் சுவரில் பூசும் கலவைக்கும் பொதுவாயிற்று. உரோமர் பாத்திரத்தைப் பார்த்துப் பெயரிட்டனர். நம்மவர் குழைந்த பதத்தைப் பார்த்துப் பெயரிட்டனர்.

ஆயுதத்தின் பெயரை மட்டும் நாம் 'மோட்டார்' என்று கடன் வாங்கினோம். மோட்டார் சைக்கிளின் 'மோட்டார்' அசைவைக் குறிக்கும் வேறொரு இலத்தீன் வேரிலிருந்து வந்தது. தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. யுத்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு 'மோட்டார் தாக்குதல்' என்றால் உடனே விளங்கும். இன்றைய பிள்ளை அது வாகனத்தோடு சேர்ந்தது என்று நினைக்கலாம். உயிர்களைக் கொண்டுபோன ஒன்றின் பெயர் இப்படி மங்கக் கூடாது. 'மோட்டார் எறிகணை' என்று சேர்த்து எழுதினால் ஐயம் இல்லை.

இன்னொரு பொருளையும் சொல்ல வேண்டும். மேசன்மார் பூசுவதற்கு முன் சாந்தை ஏந்தி நிற்கும் சதுரப் பலகைக்கு ஆங்கிலத்தில் 'மோர்ட்டர்போர்ட்' என்று பெயர். பட்டமளிப்பு விழாவில் அணியும் சதுரத் தொப்பி அதைப் போலிருந்ததால், 19ஆம் நூற்றாண்டில் அதற்கும் அப்பெயர் வந்தது. நம் கல்லூரியில் மேசன் வேலை செய்யும் வாப்பாமாரின் பிள்ளைகளும் படிக்கின்றார்கள். அவர்களில் ஒருத்தி நாளை பட்டம் பெறும்போது, இன்ஷா அல்லாஹ், அவள் தலையில் இருக்கப்போவது வாப்பாவின் கையிலிருந்த பலகையின் பெயர்தான்.

ஆகவே தோழியரே, அகராதியில் ஒரு சொல்லுக்குப் பல பொருள்கள் இருந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: முதற்பொருள் எது? மற்றவை உருவத்தால் வந்தனவா, உள்ளிருக்கும் பொருளால் வந்தனவா? நம் வசனத்துக்குப் பொருந்துவது எது? அதன் பிறகு எழுதும் மொழிபெயர்ப்பு பிழைக்காது.