கடையில் நேற்று எத்தனை போச்சு?

குழந்தைகள் டயப்பரை நனைப்பதில் சீசன் எதுவும் கிடையாது. பாம்பர்ஸ் தயாரிக்கும் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தில் கணக்கை அலசியவர்களை வியக்க வைத்தது இதுதான்: கடைகளில் விற்பனை ஏறக்குறைய சீராகத்தான் இருந்தது. விநியோகஸ்தர்கள் அனுப்பிய ஆர்டரோ தாறுமாறாக ஏறி இறங்கியது. கம்பெனி தன் மூலப்பொருள் சப்ளையர்களுக்குக் கொடுத்த ஆர்டர் அதைவிட மோசமாக ஆடியது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘புல்விப் எஃபெக்ட்’, அதாவது சாட்டை விளைவு. பிடியில் மணிக்கட்டு லேசாக அசைந்தால் போதும், நுனி காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்.

பர்ச்சேஸ், பிளானிங், சேல்ஸ், ஸ்டோர்ஸ் என்று எதில் நீங்கள் வேலைக்குச் சேர்ந்தாலும் இது உங்கள் மேசைக்கு வரும். ஒரு மாதம் சரக்கு இல்லை என்று திட்டு விழும். அடுத்த மாதமே குடோனில் கால் வைக்க இடமில்லை என்று திட்டு விழும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்பதைப் பலர் பத்து வருட சர்வீஸுக்குப் பிறகும் கவனிப்பதில்லை. நீங்கள் முதல் வாரத்திலேயே கவனித்துவிடுங்கள். ஒரு தாளை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு கடையில் வாரம் 100 பிஸ்கட் பாக்கெட் விற்கிறது. கடைக்காரர், ஸ்டாக்கிஸ்ட், கம்பெனி மூவரும் இரண்டு வார விற்பனைக்கான சரக்கை, அதாவது 200 பாக்கெட்டைக் கையில் வைத்திருக்கிறார்கள். ஒரு வாரம் 110 விற்றுவிடுகிறது. கடையில் மிச்சம் 90. இனி வாரம் 110 போகும் என்று நினைக்கும் கடைக்காரருக்கு 220 வேண்டும். 130 ஆர்டர் போடுகிறார். ஸ்டாக்கிஸ்ட் கண்ணுக்குத் தெரிவது அந்த 130 மட்டும்தான். அனுப்பியது போக அவரிடம் மிச்சம் 70, வேண்டியது 260. அவர் போடுவது 190. கம்பெனி 190-ஐ அனுப்பிவிட்டுப் பார்த்தால் மிச்சம் 10, வேண்டியது 380. ஆக, உற்பத்தி 370!

கடையில் கூடியது பத்தே பாக்கெட்.

அடுத்த வாரம் விற்பனை பழையபடி 100-க்கு வந்துவிடுகிறது என்று வையுங்கள். கடைக்காரர் 80 மட்டும் கேட்பார். ஸ்டாக்கிஸ்டிடம் அதை அனுப்பியபின் 180 இருக்கும். அவருக்கு வேண்டியது 160. ஆர்டர் பூஜ்யம். ஓவர்டைம் ஓட்டிய மெஷினை நிறுத்த வேண்டியதுதான். இதில் யாரும் முட்டாள்தனம் பண்ணவில்லை. ஒவ்வொருவரும் தன் கண்ணில் பட்டதை வைத்து நியாயமாகத்தான் முடிவெடுத்தார்கள். தவறு ஆளிடம் இல்லை, ஆளுக்குக் கிடைத்த தகவலில் இருக்கிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இதை விளையாட்டாகவே நடத்துகிறார்கள். ‘பீர் கேம்’ என்று பெயர். சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நான்கு பேர். வாடிக்கையாளர் தேவை ஒரே ஒரு முறைதான் மாறும்: வாரம் 4 பெட்டி 8 ஆகும், பிறகு அப்படியே இருக்கும். ஆட்டம் முடிந்ததும் வாடிக்கையாளர் எப்படி வாங்கினார் என்று வரையச் சொன்னால், பலரும் மலையும் பள்ளமுமாக வரைவார்கள். நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பாருங்கள். ஒரு செமஸ்டர் பாடத்தை விட அதில் அதிகம் புரியும்.

ஹவ் லீ, பத்மநாபன், செயுங்ஜின் வாங் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1997-ல் எழுதிய கட்டுரையில் சாட்டை விளைவுக்கு நான்கு காரணங்கள் சொன்னார்கள். வந்த ஆர்டரை வைத்தே தேவையைக் கணிப்பது முதலாவது. மேலே பார்த்த கணக்கு அதுதான். தினம் கேட்காமல் மொத்தமாகச் சேர்த்து ஆர்டர் போடுவது இரண்டாவது. ஸ்கீம், தள்ளுபடி என்று விலையை ஏற்றி இறக்குவது மூன்றாவது. சரக்குத் தட்டுப்பாடு வந்தால் கேட்டதில் பாதிதான் கிடைக்கும் என்று இரண்டு மடங்காகக் கேட்பது நான்காவது. இந்தக் கடைசிக் காரணத்துக்குப் பெரிய விலை கொடுத்தது நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோ. இணையத் துறை சூடாக இருந்தபோது குவிந்த ஆர்டர்களில் பல இப்படி ஊதியவை. 2001-ல் சந்தை சரிந்ததும் 220 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள சரக்கை நஷ்டக் கணக்கில் எழுத வேண்டியிருந்தது.

வழி என்ன? இத்தாலியின் பரில்லா பாஸ்தா கம்பெனியின் அனுபவத்தை ஒவ்வொரு இளம் மேலாளரும் படிக்க வேண்டும் என்பேன். 1980-களின் இறுதியில் அங்கேயும் இதே தலைவலி. இத்தாலியர்கள் பாஸ்தாவைத் தினம் சாப்பிடுகிறார்கள்; ஆர்டர் மட்டும் வாரத்துக்கு வாரம் குதித்தது. ‘எங்களுக்கு ஆர்டர் வேண்டாம், தினசரி உங்கள் கிடங்கிலிருந்து எவ்வளவு போகிறது, எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், எவ்வளவு அனுப்புவது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று விநியோகஸ்தர்களிடம் கேட்டது பரில்லா. அவர்கள் மறுத்ததில் ஆச்சரியம் இல்லை. பரில்லாவின் சொந்த சேல்ஸ் ஆட்களே எதிர்த்தார்கள்! ஸ்கீம் காலத்தில் சரக்கைத் தள்ளி டார்கெட்டை எட்டுவதுதான் அவர்கள் வருமானம். லாஜிஸ்டிக்ஸ் தலைவர் ஜார்ஜியோ மஜ்ஜாலி சண்டைக்குப் போகவில்லை. முதலில் கம்பெனியின் சொந்தக் கிடங்கில் செய்து காட்டினார். கையிருப்பும் குறைந்தது, சரக்கு இல்லை என்ற புகாரும் குறைந்தது. அந்த எண்களோடு போன பிறகுதான் வெளியே கதவு திறந்தது.

நம் ஊரிலும் மாதக் கடைசி மூன்று நாளில் டீலர் தலையில் சரக்கை இறக்குவது நின்றபாடில்லை. அதைத் தனியாக நின்று உங்களால் மாற்ற முடியாது. ஒரே ஒரு பொருளை, ஒரே ஒரு டீலரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் அவருடைய ஆர்டரையும் கடை விற்பனையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள். பிறகு அந்தத் தாளை மேலதிகாரியிடம் காட்டுங்கள். இன்டர்வியூவிலும் இதேதான்: சாட்டை விளைவுக்கு வரையறை சொல்லாதீர்கள், அந்த பிஸ்கட் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

நாளைக் காலை ஆர்டர் போடும் முன் டீலருக்கு ஒரு போன் செய்யுங்கள். எத்தனை வேண்டும் என்று கேட்காதீர்கள். கடையில் நேற்று எத்தனை போச்சு என்று கேளுங்கள்.