நிறுத்தாமல் வட்டு மாற்றும் முறை

நிறுத்த முடியாத பணிகள் சில உண்டு. மருத்துவமனையின் நோயாளர் பதிவேடு, வங்கியின் கணக்கு, பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பதிவு ஆகியவை அத்தகையன. இவற்றைத் தாங்கும் வன்வட்டுகள் நிரம்பிவிட்டால் என் செய்வது? நான்கு நாள் மூடிவிட்டு மாற்றுவோம் என்று கூற இயலாது. பணி நடக்கும்போதே கொள்ளளவைப் பெருக்கும் முறை ஒன்று உண்டு. கணிப்பொறி பயிலும் மாணவன் என்ற முறையில் அதனை நண்பர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

1988ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவர் 'ரெய்டு' என்னும் அமைப்பை விளக்கி ஆய்வுரை வெளியிட்டனர். பல வட்டுகளை ஒன்றாக இணைத்து, ஒன்று பழுதுற்றாலும் பதிவு அழியாமல் காப்பதே அதன் நோக்கம். மூன்று வட்டுகள் உள்ளன என்று கொள்வோம். முதலாவதில் 5, இரண்டாவதில் 9, மூன்றாவதில் அவற்றின் கூட்டுத்தொகை 14. இரண்டாவது அழிந்தால், 14இலிருந்து 5ஐக் கழித்து 9ஐ மீட்கலாம். உள்ளே நடைபெறும் கணக்கு சற்று வேறு, கருத்து இதுவே. ரெய்டு 5 ஒரு வட்டின் இழப்பைத் தாங்கும். ரெய்டு 6 இரண்டின் இழப்பைத் தாங்கும்.

இந்த மீட்பாற்றலே வட்டு மாற்றவும் உதவுகிறது. 4 டெராபைட் வட்டுகள் எட்டு கொண்ட ரெய்டு 6 அடுக்கில் 24 டெராபைட் பயன்படும். பழைய வட்டு ஒன்றை நீக்கி 8 டெராபைட் வட்டைச் செருகினால், மற்ற ஏழின் துணைகொண்டு நீக்கியதன் பதிவுகள் அதில் எழுதப்படும். அது முடிந்த பின்னரே அடுத்த வட்டு. எட்டாவதும் மாறும் வரை கொள்ளளவு கூடாது. அடுக்கில் மிகச் சிறிய வட்டே அளவை முடிவு செய்கிறது. எட்டும் மாறியபின் அடுக்கையும் கோப்பு அமைப்பையும் விரித்தால் 48 டெராபைட் கிடைக்கும்.

வினாடிக்கு 100 மெகாபைட் எழுதினாலும் ஒரு வட்டுக்குப் பதினொரு மணி நேரம் ஆகும். எட்டுக்கும் ஏறத்தாழ நான்கு நாள். இங்கேதான் அவசரம் தலைகாட்டும். ரெய்டு 6இல் எழுதி முடியுமுன் இரண்டாவதையும் உருவினால் காவல் முழுதும் போய்விடும். மூன்றாவது ஒன்று பழுதுற்றால் அடுக்கே அழியும். ரெய்டு 5இலோ, முதல் வட்டை உருவிய கணமே காவல் இல்லை.

பாலக்காட்டில் பயிலும் நம்மில் சிலர் வாளையாற்றைக் கடந்து வந்தோர். சிலர் குமுளி மலைப்பாதை அறிந்த கம்பம் பள்ளத்தாக்கினர். பின்னவர்க்கு இடுக்கி மாவட்டத்து முல்லைப் பெரியாறு அணை நன்கு தெரியும். 1895இல் திறக்கப்பட்ட அவ்வணையை வலுப்படுத்தும் பணி 1979இல் தொடங்கியது. அணையை வற்றச் செய்துவிட்டு அதனைச் செய்யவில்லை. நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்து, சுமையைத் தணித்துச் செய்தனர். நிறுத்தாமல் வேலை செய்வோர் வேறோரிடத்தில் விட்டுக்கொடுக்கவே வேண்டும். இவ்வுண்மை வட்டுக்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

ஆகவே, நாம் செய்ய வேண்டுவன யாவை? முதலில் வேறோரிடத்தில் முழுப் படி ஒன்றை எடுத்து, அதிலிருந்து பதிவுகளை மீட்க முடிகிறதா என்று பார்த்தல் வேண்டும். பழைய வட்டுகள் அனைத்தையும் படித்துச் சோதித்தல் வேண்டும். வேலைப்பளு குறைந்த விடுமுறை நாட்களைத் தேர்தல் நலம். காலியிடம் இருந்து, அமைப்பும் இடம் தருமானால், புதிய வட்டை அங்கே செருகிப் படியெடுத்த பின்னரே பழையதை நீக்கலாம். காவல் சிறிதும் குறையாது. உருவுமுன் வட்டின் வரிசை எண்ணை இருவர் படித்து ஒப்பிடுதல் நன்று.

ரெய்டு என்பது காப்புப் படி அன்று. தவறாக அழித்த கோப்பை அது மீட்டுத் தராது. வட்டு பழுதானால் வேறு வாங்கலாம். ஒரு மாணவனின் மதிப்பெண்ணையும் ஒரு நோயாளியின் மருத்துவக் குறிப்பையும் எந்தக் கடையில் வாங்குவது? பதறாத காரியம் சிதறாது என்பதை அந்த நான்கு நாட்களும் நாம் மறவாதிருப்போம்.