இருட்டில் படம் எடுக்க வரும் பிள்ளைகளுக்கு

1. முதலில் ஃபிளாஷை அணைத்து வையுங்கள். இரவை இரவாகவே காட்டுவதுதான் நம் வேலை. கேமராவுக்குக் கறுத்த வானத்தைக் கண்டால் ஆகாது, வெளுக்கவே பார்க்கும். ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள். RAW வடிவில் எடுங்கள்.

2. பழகுவதற்குப் பாளையங்கோட்டை தசராவைப் போல வேறு இடம் இல்லை. ஆயிரத்தம்மன், பேராத்துச்செல்வி என்று 12 அம்மன் சப்பரங்களும் இரவில் அணிவகுத்து வரும். 50 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் விலையும் குறைவு, இந்தக் கூட்டத்துக்கு அதுவே போதும். ஐஎஸ்ஓவை 3200 வரை ஏற்றப் பயப்படாதீர்கள். புள்ளி விழுந்த படத்தைப் பிறகு ஓரளவு தேற்றலாம், ஆடிப்போன படத்தைத் தேற்ற முடியாது.

சப்பரத்துச் சீரியல் செட் விளக்கு விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது. ஷட்டரை 1/500 வைத்தால் அம்மன் முகத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். 1/100 அல்லது 1/50 வையுங்கள். அந்த வேகத்துக்குச் சப்பரம் நகரும்போது படம் கலங்கும். அதனால் தீபாராதனைக்காக அது நிற்கும் இடத்தை முன்னதாகவே பார்த்து வைத்து, அங்கே போய் நில்லுங்கள். சூடம் கொளுத்தியதும் வெளிச்சம் சட்டென்று கூடும். ஒளி அளவை அம்மன் முகத்தில் எடுங்கள், சுடரில் எடுக்காதீர்கள்.

3. தாமிரபரணி ஆற்றுக்கு அந்தியில் போங்கள். 1843-இல் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டிய பாலத்தில் விளக்கு எரியத் தொடங்கும்போது வானத்தில் இன்னும் நீலம் மிச்சமிருக்கும். நம் ஊரில் அந்தி நீளாது. சூரியன் இறங்கி இருபது, இருபத்தைந்து நிமிஷம்தான். டிரைபாட், ஐஎஸ்ஓ 100, எஃப் 8, இரண்டு நொடி டைமர். கை படாமல் எடுங்கள்.

4. நட்சத்திரத்துக்கு அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்த்து, அம்பாசமுத்திரம் பக்கம் வயல்வெளிக்குப் போங்கள். 500-ஐ லென்ஸின் எம்.எம்.மால் வகுத்தால் வருகிற நொடிதான் எல்லை. 24 எம்.எம். என்றால் சுமார் 20 நொடி. மீறினால் நட்சத்திரம் கோடாக இழுபடும். சிறிய சென்சார் என்றால் அதிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். ஆட்டோஃபோகஸ் இங்கே உதவாது, கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். பிப்ரவரி நடுவில் இரவு ஒன்பது மணிக்கு நேர் தெற்கே அகத்திய நட்சத்திரம் நிற்கும். இரவு வானின் நட்சத்திரங்களில் ஒளியில் இரண்டாவது அது. திரையில் அதைப் பெரிதாக்கி, ஊசிமுனையாகச் சுருங்கும்வரை ஃபோகஸ் வளையத்தைத் திருப்புங்கள். தாமிரபரணி பிறக்கும் பொதிகையும் அகத்தியர் மலைதான். அந்த நட்சத்திரத்தையும் இந்த மலையையும் அறிந்து எடுக்கிறவர் நம் ஊர்ப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

5. களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் இரவில் நுழையாதீர்கள். யானை வழியில் டிரைபாட் வைக்க யாருக்கும் உரிமை இல்லை. படித்துறையில் குளிப்பவர்கள் பக்கம் லென்ஸைத் திருப்பவே வேண்டாம்.

6. நல்ல படம் அமைந்தால் ஒரு பிரிண்ட் போட்டு, சப்பரத்தோடு வந்தவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். செல்போனுக்கு அனுப்பிவிட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள்.