காத்திருப்பவர்க்கு மறுமொழி: கணிப்பொறி நிரலின் கடமை

முன்னுரை

பெரிய பணிக்குக் காலம் பிடிக்கும், அதில் குற்றமில்லை. ஆனால் பணி நடக்கின்றதா, நின்றுவிட்டதா என்று அறியவொட்டாமல் ஒருவரைக் காத்திருக்க வைப்பது குற்றமாகும். மேசைக் கணிப்பொறியில் இயங்கும் நிரல்களுக்கும் இது பொருந்தும். தமிழாய்வுக்கு நிரல் எழுத முற்படும் நம் மாணவர் இதனைத் தொடக்கத்திலேயே உணர்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் கண்ட நிகழ்ச்சி

உமறுப்புலவரின் சீறாப்புராணம் 3 காண்டங்களில் 5027 விருத்தப்பாக்களைக் கொண்டது. இதற்குச் சொல்லடைவு உருவாக்க மாணவர் ஒருவர் நிரல் எழுதினார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பாடல்களைப் பிழை திருத்தி உதவினார். ஒருநாள் முற்பகல் முழுதும் திருத்தியபின் அவர் 'அடைவு செய்' என்னும் பொத்தானை அழுத்தினார். சாளரம் வெளிறியது. எப்பொத்தானும் இயங்கவில்லை. நிரல் பதிலளிக்கவில்லை என்ற அறிவிப்பு மேலே தோன்றியது. கணிப்பொறியைத் தாமே கெடுத்துவிட்டதாக அஞ்சிய அப்பெரியவர் மின்விசையை அணைத்துவிட்டார். சேமிக்காத திருத்தங்கள் யாவும் அழிந்தன. உண்மையில் நிரல் பழுதின்றிச் சொற்களை எண்ணிக்கொண்டுதான் இருந்தது. அதன்பின் இரு வாரங்கள் அவர் கணிப்பொறிப் பக்கமே வரவில்லை. திருத்தங்கள் அழிந்ததினும் இதுவே நம்மை மிகவும் வருத்தியது.

காரணம் யாது?

ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர்ச் சனீஸ்வரர் கோயிலுக்கு மக்கள் பெருந்திரளாக வருவதை நம் பகுதியினர் அறிவர். அன்று உணவுக்கடை ஒன்றில் கல்லாவில் இருப்பவரே அடுப்படிக்குள் சென்று தோசை வார்க்கத் தொடங்கினால் என்னாகும்? உள்ளே வேலை நடக்கும். வாசலில் நிற்பவரோ கேட்பாரில்லை என்று எண்ணித் திரும்பிவிடுவர்.

நிரலிலும் இதுவே நிகழ்கின்றது. விசை அழுத்தம், சுட்டியின் அசைவு, சாளரத்தை மீண்டும் வரையும் ஆணை ஆகிய யாவும் செய்திகளாக ஒரு வரிசையில் வந்து நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிப்பது 'த்ரெட்' எனப்பெறும் ஓர் இழை. அந்த இழையிடமே நெடும்பணியையும் ஒப்படைத்தால் செய்திகள் தேங்கிவிடும். ஒரு சாளரம் 5 விநாடிகள் செய்தி எதனையும் எடுக்காவிடின், விண்டோஸ் அதனைச் செயலற்றதாகக் கருதிவிடும்.

1992இல் வெளிவந்த விண்டோஸ் 3.1இல் ஒரு நிரல் விட்டுக்கொடுத்தாலன்றி மற்றொன்று இயங்க இயலாது. 1995இல் வந்த விண்டோஸ் 95, தன் 32 பிட் நிரல்களுக்குத் தானே நேரத்தைப் பகிர்ந்தளித்தது. ஆயினும் ஒரு நிரலுக்குள் வேலையைப் பிரித்துக்கொள்ளும் பொறுப்பு, அன்றுபோல் இன்றும் எழுதுபவரையே சார்ந்தது.

கொள்ளத்தக்க முறைகள்

1. நெடும்பணியைத் தனி இழைக்கு மாற்றுக. இதனால் பணி விரைவில் முடியும் என்பதன்று. முன்னிருக்கும் இழை மறுமொழி கூற ஓய்வாக இருக்கும் என்பதே பயன்.

2. பணி இழை திரையைத் தானே தொடலாகாது. தன் முடிவைச் செய்தியாக அனுப்ப, முன் இழையே திரையில் எழுதுதல் வேண்டும். சமையற்காரர் தட்டை நீட்ட, பரிமாறுபவர் எடுத்துச் செல்வது போன்றது இது.

3. பணி இழைக்கு நூலின் படி ஒன்றைக் கொடுக்க. ஒருவர் திருத்திக்கொண்டிருக்கும் அதே பாடத்தை மற்றொருவர் எண்ணினால் அடைவு பிழைபடும்.

4. முன்னேற்றத்தை அளவோடு அறிவிக்க. 50 பாடலுக்கு ஒருமுறை அறிவித்தால் ஏறத்தாழ 100 செய்திகளே செல்லும். சொல்தோறும் அறிவித்தால் அச்செய்திகளே வரிசையை அடைத்துவிடும். ஒரு விநாடி வரை எண்ண ஓட்டம் தடைப்படாது என்றும், 10 விநாடிக்கு மேல் கவனம் சிதறும் என்றும் யாக்கோப் நீல்சன் 1993இல் எழுதினார்.

5. 'நிறுத்து' என்னும் பொத்தான் வைக்க. பணி இழை ஒவ்வொரு பாடலின் முடிவிலும் நிறுத்தும் ஆணை வந்ததா என நோக்கித் தானே விலகுதல் வேண்டும். இடையில் வலிந்து அறுத்தால் கோப்பு பாதியில் நிற்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, பணி தொடங்குமுன் திருத்தங்களைச் சேமித்துக்கொள்வது நிரலின் முதற்கடமை.

முடிவுரை

மாணவர் நிரலை இவ்வாறு மாற்றி எழுதினார். பெரியவரை அழைத்து வந்தோம். அடைவு செய்ய முன்பு ஆன நேரமே இப்போதும் ஆயிற்று. ஆனால் எத்தனை பாடல் முடிந்தது என்பதைத் திரை சொல்லிக்கொண்டிருந்தது. அவரும் அஞ்சாது அடுத்த பாடலைத் திருத்திக்கொண்டிருந்தார்.

ஸலாம் உரைத்தவர்க்கு மறுமொழி கூறுதல் கடமை என்பது நம் மார்க்கம் கற்பித்த பண்பு. எத்தனை வேலையிருப்பினும் 'இதோ, கேட்டேன்' என்று சொல்ல ஒருவரை வாசலில் நிறுத்துவோம். நாம் எழுதும் நிரலுக்கும் அப்பண்பைக் கற்பிப்போமாக.