பன்னிரண்டாம் வகுப்புப் படத்துக்கு உடுத்தப் போகும் பிள்ளைகளுக்கு

மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில் நாற்பத்தோரு வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தேன். கல்யாணம், சீமந்தம், பாஸ்போர்ட் சைஸ் என்று எல்லாமே எடுத்திருக்கிறேன். ஆனாலும் தை பிறந்ததும் பள்ளிக்கூடம் முடிக்கப் போகிற பிள்ளைகள் ஐந்தாறு பேராக வாசலில் வந்து நின்று, யார் முதலில் உள்ளே போவது என்று ஒருத்தரை ஒருத்தர் தள்ளுவார்கள். அந்த நாட்களுக்காக வருஷம் முழுக்கக் காத்திருப்பேன். நான் விளக்கைச் சரி செய்து முடிப்பதற்குள் என் வீட்டம்மா உள்ளறையில் பெண்களுக்குப் புடவை மடிப்பு எடுத்துவிடுவாள். இப்போது கடை இல்லை. பேத்தி இந்த வருஷம் பன்னிரண்டாவது படிக்கிறாள். அவளும் தோழிகளும் ஒரு சாயங்காலம் வந்து, "தாத்தா, ஃபேர்வெலுக்கு என்ன கட்டிக்கலாம்?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

1. பிளவுஸிலிருந்து தொடங்குங்கள். புடவையை ஒரு மணி நேரத்தில் வாங்கிவிடலாம், பிளவுஸை அப்படி முடிக்க முடியாது. பிளஸ் டூ பொதுத் தேர்வு 2024-ல் மார்ச் 1 அன்றும், 2025-ல் மார்ச் 3 அன்றும் தொடங்கியது. அதற்கு முன்னால் செய்முறைத் தேர்வு இருக்கிறது. அதனால் ஃபேர்வெல் பெரும்பாலும் ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரி முதலிலோ வந்து நிற்கும். மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் தையல்காரருக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் இருக்கும். தை பிறந்துவிட்டால் கல்யாண பிளவுஸ்கள் மலைபோல் குவிந்துவிடும், உங்கள் துணி அடியில் போய்விடும். ஆகவே மார்கழியிலேயே கொடுத்துவிடுங்கள். லைனிங் துணியை ஒரு தரம் நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள், இல்லையென்றால் முதல் துவையலிலேயே சுருங்கி இழுக்கும். பக்கத்துத் தையலில் உள்ளே ஒரு இஞ்ச் துணி விடச் சொல்லுங்கள். பரீட்சைக்குப் படிக்கும் மாசங்களில் சில பிள்ளைகள் இளைப்பார்கள், சிலர் ஒரு சுற்று பூசினாற்போல் ஆவார்கள். பிரித்துத் தைக்க இடமிருந்தால் கடைசி நேரத்தில் அழ வேண்டியதில்லை.

2. கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் வீட்டு பீரோவைத் திறங்கள். அம்மாவின் புடவையோ பாட்டியின் புடவையோ அத்தையின் புடவையோ, எது உங்கள் தோளுக்கு ஒத்துப்போகிறது என்று கண்ணாடி முன்னால் போட்டுப் பாருங்கள். பழைய பட்டாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். வருஷக்கணக்காக ஒரே மடிப்பில் இருந்த பட்டு அந்த மடிப்பிலேயே இற்றுப் போயிருக்கும். வெளிச்சத்தில் பிடித்து, மடிப்புக் கோட்டில் ஊசித் துளை போல் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது உட்கார்ந்து எழுந்திருக்கும்போது கிழியும். அதைப் பத்திரமாக மடிப்பு மாற்றி வைத்துவிட்டு வேறு எடுங்கள்.

இரவல் வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் கட்டிக்கொண்டு பயப்படாமல் இருக்க முடிகிற புடவையை வாங்குங்கள். எண்பதுகளில் ஒரு பெண் பக்கத்து வீட்டு மாமியின் காஞ்சிப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். நல்ல அரக்குப் பட்டு, கெட்டி ஜரிகை. அழுக்காகிவிடுமோ என்று முந்தியை இடது கையால் சுருட்டிப் பிடித்தவள் கடைசிவரை விடவில்லை. "கையைத் தொங்கப் போடும்மா" என்று நாலு தரம் சொன்னேன். போடுவாள், நான் கேமராவுக்குள் குனிவதற்குள் கை மறுபடியும் மேலே போய்விடும். படத்தில் முகம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யார் பார்த்தாலும் முதலில் அந்த இறுக்கிப் பிடித்த விரல்கள்தான் கண்ணில் படும். பல வருஷம் கழித்துத் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அவளே அதைச் சொன்னாள். அன்று மகளுக்குச் சாதாரண நூல் புடவைதான் கட்டிவிட்டிருந்தாள்.

3. வகுப்பு முழுக்க ஒரே நிறம் என்று முடிவு செய்கிறீர்களா? அழகான வழக்கம், குரூப் போட்டோவில் நன்றாக நிற்கும். ஆனால் நிறத்தை மட்டும் சொல்லுங்கள். இந்தக் கடை, இந்த டிசைன், இந்த விலை என்று தீர்மானம் போடாதீர்கள். எல்லார் வீட்டிலும் ஒன்றாவது இருக்கிற நிறமாகப் பாருங்கள். மெரூன், கரும்பச்சை, நீலம் இல்லாத வீடு இந்த ஊரில் குறைவு. பீச், லாவண்டர் என்று போனால் முக்கால்வாசிப் பேர் புதிதாக வாங்க வேண்டிவரும். வாங்க முடியாத பெண் அதை உங்களிடம் சொல்லமாட்டாள். "எனக்கு அன்னைக்கு ஜுரம்" என்று சொல்லி வராமல் இருந்துவிடுவாள். குரூப் போட்டோவுக்குப் பெயர் எழுதும்போது 'வராதவர்' என்று ஒரு வரி சேர்ப்போம். அந்த வரியை எழுத எனக்கு எப்போதும் கை வராது. பன்னிரண்டு வருஷம் ஒரே சீருடையில் பக்கத்தில் உட்கார்ந்தவள் அவள்.

அமெரிக்காவிலும் பள்ளிக் கடைசி வருஷத்துப் பிள்ளைகளுக்கு ஆண்டு மலருக்காகத் தனிப்படம் எடுப்பார்கள். அங்கே பல பள்ளிகளில் பெண்களுக்குத் தோளைச் சுற்றிக் கறுப்புத் துணி ஒன்றும், ஆண்களுக்குக் கறுப்புக் கோட்டும் போ டையும் ஸ்டூடியோக்காரரே போட்டுவிடுவார். ஒரே துணிதான் ஆள் மாற்றி ஆள் ஏறும். அந்தப் பக்கத்தைப் புரட்டினால் முகங்கள்தான் வேறுவேறாகத் தெரியும். எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கும்.

4. புதிதாகத்தான் வாங்குவது என்றால் தி.நகருக்கு வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரங்கநாதன் தெருவில் நடப்பதே பெரிய காரியம், துணியை எங்கே பார்ப்பது? பனகல் பார்க் எதிரில் நல்லி 1928-லிருந்து இருக்கிறது. சுற்றிலும் பெரிய கடைகள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் பதினேழு வயசுக்குப் பட்டு அவசியமில்லை என்பது என் எண்ணம். 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸில் நெசவாளர் சங்கங்களின் கைத்தறிப் புடவைகள் கிடைக்கும். காஞ்சிக் காட்டன், செட்டிநாட்டுக் கண்டாங்கி, மதுரைச் சுங்குடி எல்லாமே படத்தில் நன்றாக விழுகிற துணிகள், ஜரிகை போல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது. சுங்குடி என்றால் முதலிலேயே உப்புத் தண்ணீரில் அலசிவிடுங்கள், இல்லையென்றால் சாயம் பாவாடையில் இறங்கும். கஞ்சி போட்ட கெட்டிக் காட்டன் ஒல்லியான பெண்ணுக்கு நன்றாக நிற்கும். மற்றவர்களுக்கு ஒருதரம் துவைத்து மெத்தென்று ஆனபின் கட்டுவது நல்லது.

கடை விளக்கில் நிறத்தை நம்பாதீர்கள். விற்பனையாளரிடம் கேட்டுக்கொண்டு புடவையை வாசல்வரை எடுத்துப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முந்தியை மோவாய்க்குக் கீழே பிடித்துக்கொண்டு, கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். புடவையைப் பார்க்க வேண்டாம், உங்கள் முகம் தெளிகிறதா மங்குகிறதா என்று மட்டும் அவர் சொன்னால் போதும்.

5. கேமராவின் கண் வேறு. நான் தொழில் கற்ற காலத்தில் கறுப்பு வெள்ளைதான். அரக்குப் புடவைக்குப் பச்சை பார்டர் என்று ஆசையாகக் கட்டிக்கொண்டு வருவார்கள், படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். அதனால் என் குருநாதர் புடவையைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கச் சொல்வார். கண் சுருக்கினால் நிறம் அடங்கி, எது வெளுப்பு எது அடர்த்தி என்பது மட்டும் நிற்கும். இன்றைக்கும் அது உதவும். கண் சுருக்கிப் பார்க்கும்போது முகத்தைவிட உடுப்பு பளிச்சென்று தெரிந்தால், படத்திலும் உடுப்புதான் முன்னால் வரும்.

பொடிக் கட்டமும் மெல்லிய கோடும் போட்ட சட்டை டிஜிட்டல் படத்தில் அலையடிக்கும். பெரிய கட்டத்துக்கு அந்தத் தொந்தரவு இல்லை. ஒளிர் பச்சை, ஒளிர் ஆரஞ்சு போட்டால் அந்த நிறம் மோவாய்க்கு அடியில் ஏறிக்கொள்ளும். பின்திரை கறுப்பாக இருந்து நீங்களும் கறுப்பு உடுத்தினால் தோள் எங்கே முடிகிறது என்றே தெரியாது. எந்தத் திரை என்று ஸ்டூடியோவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாநிறத்துக்கு இந்த நிறம் ஆகாது, கறுப்புத் தோலுக்கு அந்த நிறம் ஆகாது என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். மாம்பழ மஞ்சளும் ராணி பிங்க்கும் கறுத்த பெண்ணின் மேல் எப்படி ஜொலிக்கும் என்று நாற்பது வருஷம் பார்த்தவன் நான். வெளிச்சம் வைக்கத் தெரியாதவர்கள்தான் பவுடரை அப்பச் சொல்வார்கள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறமாகப் படம் வந்தால் அதைத் திருத்தவே முடியாது.

6. பையன்களுக்கு. வாடகைக் கோட்டு வேண்டாம். தோள் இறங்கி, கை விரல் நுனிவரை மூடிக்கொண்டு நிற்கிற பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். உங்கள் அளவுக்கு ஒரு முழுக்கைச் சட்டை போதும். வேட்டி என்றால் எட்டு முழம் கட்டுங்கள். நாலு முழம் வெளிச்சத்தில் கால் நிழலைக் காட்டும். வெள்ளைச் சட்டையும் மெல்லிசாக இருந்தால் உள்ளே பனியன் வரி தெரியும், கைவைத்த பனியனாகப் போட்டுக்கொள்ளுங்கள். வேட்டியோடு தோல் செருப்பு போடுங்கள், ஓட்டப் பந்தய ஷூ வேண்டாம். பாக்கெட்டிலிருந்து செல்போனை எடுத்துவிடுங்கள்.

வேட்டி கட்டினால் பட்டிக்காடு என்பார்களோ என்று சில பையன்கள் கூசுவார்கள். இதே ஊரில் 2014-ல் ஒரு மன்றத்தில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விட மறுத்தார்கள். சட்டமன்றத்தில் பேச்சு எழுந்து, அந்த வருஷமே அப்படித் தடுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. நிமிர்ந்து நில்லுங்கள்.

7. கண்ணாடி போடுகிற பிள்ளை கண்ணாடியோடுதான் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இதில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். தொழில் தொடங்கிய இரண்டாம் வருஷம், விளக்கு பிரதிபலிக்கிறது என்று ஒரு பெண்ணின் கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். மூக்கின் இரண்டு பக்கமும் பட்டை பட்டையாகத் தழும்பு, பார்வை எங்கோ நிலைகொள்ளாமல் இருந்தது. பிரிண்டை வாங்க வந்த அவள் அப்பா வெகு நேரம் பார்த்துவிட்டு, "இது எங்க பொண்ணு மாதிரியே இல்லையே சார்" என்று மெதுவாகச் சொன்னார். பணம் வாங்கவில்லை, மறுபடி எடுத்துக் கொடுத்தேன். விளக்கைச் சற்று உயர்த்தி, கண்ணாடிக் கம்பியைக் காதுக்கு மேல் ஒரு நூல் தூக்கிவிட்டால் பிரதிபலிப்பு கீழே விழுந்துவிடும். அதைச் செய்ய வேண்டியது படம் எடுப்பவரின் வேலை. கழற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

8. பூ. பிள்ளைகள் எல்லாரும் மல்லிகை கேட்பார்கள். தை மாசத்துப் பனியில் மல்லி வரத்து குறைவு, விலையோ கேட்கவே வேண்டாம். கபாலி கோயில் பக்கத்தில் பூக்காரம்மாவிடம் கனகாம்பரம், காக்கட்டான், டிசம்பர் பூ எது அன்றைக்குப் புதிதோ அதை வாங்குங்கள். நேராகப் பார்க்கும் படத்தில் தலைக்குப் பின்னால் இருக்கும் பூ தெரியாது. காதோரம் ஒரு துணுக்கு தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள். நகை ஒன்று போதும், காதுக்கோ கழுத்துக்கோ.

9. ஒரு வாரம் முன்னால் வீட்டில் அரை நாள் புடவையோடு இருந்து பாருங்கள். மாடிப்படி ஏறுங்கள், தரையில் சம்மணம் போடுங்கள், சாப்பிடுங்கள். அன்று போடப்போகும் அதே செருப்பைப் போட்டுக்கொண்டுதான் கொசுவத்தின் உயரம் வைக்க வேண்டும். செருப்பு மாறினால் தடுக்கும், இல்லையென்றால் கணுக்கால் தெரியும். இப்போது ப்ரீ-பிளீட்டிங் என்று மடிப்பை இஸ்திரி போட்டே கொடுக்கிறார்கள். முதல் முறை கட்டுபவர்களுக்கு அது நல்ல உதவிதான். ஒத்தை முந்தி விடுவது படத்துக்கு அழகு, ஆனால் கை ஒன்று அதற்கே போய்விடும். பழக்கம் இல்லாதவர்கள் மடித்துத் தோளில் குத்திக்கொள்ளுங்கள்.

10. வெளியில் எடுப்பதானால் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்குச் சாயங்காலம் நாலரைக்கு மேல் போங்கள். காலையில் சூரியன் கடலிலிருந்து வரும். கடலைப் பின்னால் வைத்து நின்றால் முகம் இருட்டாகும். சாயங்காலம் ஊர்ப் பக்கத்திலிருந்து வெளிச்சம் முகத்துக்கு நேரே, மிருதுவாக வரும். காற்று உண்டு, முந்திக்கு இரண்டு ஊசி கூடுதல். லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்காவின் மரத்தடி நிழல் காலைக்கு நல்லது, ஆனால் இலை வழியே புள்ளி புள்ளியாக வெயில் விழும் இடத்தில் நிற்காதீர்கள்.

11. சீருடையிலும் ஒரு படம். இதை எத்தனை தரம் சொன்னாலும் பிள்ளைகள் கேட்பதில்லை. "தினம் போடறதுதானே அங்கிள்?" என்பார்கள். இனி ஒரு நாளும் போடப் போவதில்லை. மை பட்ட பாக்கெட்டோடு, இரட்டைப் பின்னலோடு, தேய்ந்த ஷூவோடு ஒன்று எடுத்து வையுங்கள்.

12. வீட்டுக்கு வந்ததும் புடவையை அவசரமாக மடித்து வைக்காதீர்கள். வேர்வை ஈரம் ஜரிகையைக் கறுக்க வைக்கும். நிழலில் கொடியில் போட்டு ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள். ஊசிகளை எண்ணிக் குத்தி, எண்ணி எடுங்கள். என் வீட்டம்மா காலையில் எத்தனை குத்தினாள் என்று சின்னச் சீட்டில் எழுதி அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்தனுப்புவாள். 'தோள் 3, இடுப்பு 2, கொசுவம் 1, முந்தி 2' என்று இருக்கும். மடிப்புக்குள் ஒன்று தங்கிவிட்டால், அடுத்த தடவை அந்தப் புடவையைப் பிரிப்பவர் கையில்தான் அது குத்தும். அது அநேகமாக உங்கள் அம்மாவாக இருக்கும்.