றொச்டேல் கடையும் வணிகக் கல்வியும்

வணிகத் திட்டமிடல், நிறுவன நடத்தை, முயற்சியாண்மை என்னும் மூன்றும் இன்று வணிகத்துறை மாணாக்கராற் கற்கப்படும் பகுதிகளாம். மூன்றிற்கும் தனித்தனிக் கொப்பிகள். ஒவ்வொன்றிலும் வரைவிலக்கணங்கள், வகைகள், நன்மை தீமைகள். இவற்றை மனனஞ் செய்து பரீட்சையில் நற்பேறு பெறுவோர் பலர். ஆயினும், கற்றதனைத் தெருமுனையிலுள்ள ஒரு கடையிற் பொருத்திக் காட்டுக என்றால் அவருட் பெரும்பாலார் தயங்கி நிற்பர். மூன்று கொப்பிகளிற் பிரிந்து கிடக்கும் பொருள் உண்மையில் ஒரே செயலின் மூன்று முகங்கள் என்பதனை அவர் உணராமையே அதற்குக் காரணம். அதனை உணர்த்துதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியனொருவன் இப்பொருளை எழுதப் புகுந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. வணிகப் பிரிவில் நன்கு கற்கும் மாணாக்கன் ஒருவன், “காசுப் பாய்ச்சல்” என்னுந் தொடர் தமிழ் மரபுக்கு ஒக்குமோ என வினவி என்னிடம் வந்தான். அதன் வரைவிலக்கணத்தைப் பிழையின்றி ஒப்புவித்தான். அவன் தந்தையார் சிறு பலசரக்குக் கடை நடத்துபவர். “உங்கள் கடையிற் கடன் கொப்பி உண்டோ?” என்றேன். “ஐந்து கொப்பிகள் நிறைந்துவிட்டன, ஐயா. ஆனாற் சாமான் வாங்கக் கையிற் காசில்லை. அடுத்த மாதம் கடையைப் பூட்டலாம் என்று அப்பா சொல்கிறார்” என்றான். நீ கேட்ட தொடரின் பொருள் அதுவே என்றேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பாடத்துக்கும் வீட்டுக்கும் இடையே இத்துணைத் தூரம் இருத்தல் ஆகாது என்று அன்று எனக்குத் தோன்றிற்று.

இத்தூரத்தைக் கடத்தற்கு ஏற்ற சான்று இங்கிலாந்திலே, மன்செஸ்ரர் நகருக்கு வடக்கேயுள்ள றொச்டேல் என்னும் நெசவூரில் உண்டு. 1840 ஆம் ஆண்டுகளில் அங்கு வாழ்ந்த நெசவாளர் குறைந்த கூலியால் வருந்தினர். கடைகளில் விற்கப்பட்ட மாவும் பிற உணவுப் பொருள்களும் கலப்படம் உடையன; நிறையுங் குறைந்தன. கடனுக்கு வாங்கிய ஏழைகள் கடைக்காரர் சொன்ன விலையை மறுக்கமாட்டாராயினர். இந்நிலையில் நெசவாளரும் பிற தொழிலாளருமாக ஏறக்குறைய 28 பேர் ஒன்றுகூடி, வாரந்தோறும் சில பென்சுகளாகச் சேர்த்து, 28 பவுண் மூலதனம் ஆக்கினர். 1844 டிசெம்பர் 21 ஆம் நாள் ரோட் லேன் என்னும் தெருவில் ஒரு பண்டசாலையின் கீழ்த்தளத்தை வாடகைக்குக் கொண்டு கடை திறந்தனர். அன்று விற்பனைக்கு வைக்கப்பட்டவை மாவு, வெண்ணெய், சீனி, ஓற்ஸ் மாவு, மெழுகுதிரி முதலிய சில பொருள்களே. 1845 ஆம் ஆண்டிறுதியில் அச்சங்கத்தின் உறுப்பினர் 74 பேர். விற்பனை 710 பவுண். இலாபம் 22 பவுண். 1860 இல் உறுப்பினர் 3,450 பேர். விற்பனை 1,52,063 பவுண். இவ்வளர்ச்சி எங்ஙனம் நிகழ்ந்தது என்பதே நம் ஆராய்ச்சி.

முதலாவதாக முயற்சியாண்மையை நோக்குவாம். முயற்சியை ஆளுந் தன்மை முயற்சியாண்மை. வேளாண்மை, தாளாண்மை என்பன போல அமைந்த இச்சொல், வெறும் உழைப்பைக் குறியாது, உழைப்பை ஒரு பயன் நோக்கி ஆளுதலைக் குறிக்கும். 1755 இல் வெளிவந்த தம் நூலில் றிச்சார்ட் கன்ரிலன் என்பார், அறிந்த விலைக்கு வாங்கி அறியாத விலைக்கு விற்கும் நிச்சயமின்மையைத் தாங்குபவனே முயற்சியாளன் என்றார். 1911 இல் யோசேப் சும்பீற்றர் என்னும் பொருளியலறிஞர், புதிய பொருள், புதிய உற்பத்தி முறை, புதிய சந்தை, புதிய மூலப்பொருள் ஊற்று, புதிய அமைப்பு என்னும் ஐந்தனுள் ஒன்றையேனும் நடைமுறைக்குக் கொணர்பவனே அவன் என விளக்கினார்.

றொச்டேல் மக்கள் புதிய பொருள் எதனையும் கண்டுபிடித்தாரல்லர். மாவும் சீனியும் எக்கடையிலும் உள்ளவை. அவர் வழங்கியது புதிய அமைப்பு. இலாபத்தை முதலிட்ட தொகைக்கு ஏற்பப் பங்கிடாது, ஒவ்வோர் உறுப்பினரும் கடையில் வாங்கிய தொகைக்கு ஏற்பப் பங்கிட்டனர். இருமடங்கு வாங்கியவர் இருமடங்கு பங்கு பெற்றார். முதலுக்கு அளவான வட்டி மட்டுமே கொடுக்கப்பட்டது. ஆதலின், கொள்வோரே கடையின் வளர்ச்சியை விரும்புவோராயினர். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பவனே முயற்சியாளன் என எண்ணி மனந்தளரும் மாணாக்கர் இதனைக் கருதுவாராக. பழைய சரக்கையே புதிய முறையில் மக்களிடஞ் சேர்ப்பதும் முயற்சியாண்மையே.

இரண்டாவது திட்டமிடல். றொச்டேலில் அதற்கு முன்னரும் கூட்டுறவுக் கடை ஒன்று 1833 இல் திறக்கப்பட்டு இரண்டாண்டளவில் மூடப்பட்டது. கடனுக்கு விற்றமையே அதன் வீழ்ச்சிக்குத் தலையாய காரணம். 1844 இன் முன்னோடிகள் அத்தோல்வியை மறந்தாரல்லர். கைக்காசுக்கன்றிக் கடனுக்கு விற்பதில்லை என விதித்தனர். முந்திய பிழையை விதியாக மாற்றியமையே அவர்தம் திட்டத்தின் உயிர்நிலை.

கடன் எங்ஙனம் ஒரு கடையை விழுங்கும் என்பதை ஓர் உதாரணக் கணக்காற் காண்பாம். ஒருவன் மிளகாய்த்தூள் பொதி செய்து விற்கின்றான் எனக் கொள்க. ஒரு பொதிக்கு மூலப்பொருள், கடதாசி முதலிய மாறுங் கிரயம் 170 ரூபா. விற்பனை விலை 200 ரூபா. பொதியொன்றில் மிஞ்சுவது 30 ரூபா. வாடகை, மின்சாரம், வேலையாள் சம்பளம் ஆகிய நிலையான கிரயம் மாதத்துக்கு 60,000 ரூபா. 60,000 ஐ 30 ஆற் பிரிக்க 2,000 வரும். மாதம் 2,000 பொதி விற்றால் இலாபமுமில்லை, நட்டமுமில்லை. மாதத்தில் 25 நாள் வியாபாரம் எனின், நாளொன்றுக்கு 80 பொதி விற்றல் வேண்டும். “அந்த 80 பொதியையும் வாங்குவார் யாவர்?” என்னும் வினாவே வணிகத் திட்டத்தின் முதல் வினா. அதற்கு விடை காணாது பக்கம் பக்கமாக எழுதுந் திட்டம் மணலில் எழுதிய எழுத்தாம்.

இனி, அவன் மாதம் 2,400 பொதி விற்றான் என்க. மிகுதி 72,000, நிலையான கிரயம் போக இலாபம் 12,000 ரூபா. ஆனால் அவற்றுட் காற்பங்கு, அதாவது 600 பொதி, கடனாகச் சென்றது. கைக்கு வந்த காசு 3,60,000 ரூபா. மாறுங் கிரயம் 4,08,000. நிலையான கிரயம் 60,000. ஆகச் செலவு 4,68,000 ரூபா. கணக்கில் இலாபம் 12,000 இருக்க, கையிற் குறைவு 1,08,000 ரூபா! இலாபம் வேறு, காசு வேறு என்பது இதனாற் பெறப்படும். அம்மாணாக்கனின் வீட்டுக் கடையில் நிகழ்ந்ததும் இதுவே. இக்குறைவைத் தாங்குதற்குரிய தொழிற்படு மூலதனம் எவ்வளவு, கடன் எத்தனை நாளில் மீளும் என முன்னரே கணித்தல் திட்டமிடலின் கடமை.

இவ்விடத்து ஓர் உண்மையை மறைத்தல் தகாது. கடன் மறுத்தலாற் கடை பிழைத்தது. ஆனால் அன்றன்று கைக்காசில்லாத மிக வறிய நெசவாளர் அக்கடைக்கு வரமாட்டாராயினர். நம் ஊர்களிலும் கடன் கேட்பவர் அயலவரும் உறவினருமே. இல்லையெனச் சொல்லுதல் எளிதன்று. எண்கள் ஒரு விடையைத் தரும். அவ்விடையை மனிதரிடையே எங்ஙனம் நடத்துவது என்பது வேறொரு கலை. அதுவே மூன்றாம் பாடத்துக்கு நம்மைக் கொண்டுசெல்கின்றது.

நிறுவன நடத்தை என்பது, மனிதர் ஒன்றுகூடித் தொழில் செய்யுமிடத்து எங்ஙனம் ஒழுகுகின்றனர், ஏன் அங்ஙனம் ஒழுகுகின்றனர் என ஆராய்வது. இத்துறையிற் பெரிதும் பேசப்படுவன, அமெரிக்காவிலே சிக்காகோ நகரை அடுத்த ஹோதோர்ன் தொழிற்சாலையில் 1924 தொடக்கம் 1932 வரை நிகழ்ந்த ஆய்வுகள். ஒளியைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என அறியவே அவை தொடங்கப்பட்டன. ஒளியின் அளவு மட்டும் உற்பத்தியைத் தீர்மானிக்கவில்லை எனக் கண்டு, தொழிலாளரின் கூட்டுறவு, அவர்மீது செலுத்தப்படும் கவனம், அவர் தமக்குள் வகுத்த எழுதா விதிகள் ஆகியவற்றை ஆராயத் தலைப்பட்டனர். எல்ரன் மேயோ முதலியோர் இவற்றிலிருந்து கொண்ட முடிபுகள் சிலவற்றைப் பிற்கால அறிஞர் மறுத்துளர். எனினும், தொழிலாளி கூலிக்கு மட்டும் இயங்கும் இயந்திரமல்லன் என்னும் கருத்து அன்று தொட்டு முகாமைத்துவக் கல்வியில் நிலைபெற்றது.

றொச்டேல் முன்னோடிகள் இவ்வாய்வுகளுக்கு எண்பது ஆண்டுகளின் முன்னரே இதனைச் செயலில் அறிந்திருந்தனர். முதல் எவ்வளவு இட்டவராயினும் ஒருவருக்கு ஒரு வாக்கு, பெண்களும் உறுப்பினராகலாம், கணக்கு யாவர் முன்னும் வைக்கப்படும். 1853 தொடக்கம் மிகை வருமானத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு உறுப்பினரின் கல்விக்கென ஒதுக்கப்பட்டது. வாசிகசாலையும் நூலகமும் அதனால் வளர்ந்தன.

ஆயினும் அவர் வரலாற்றில் ஒரு சறுக்கலும் உண்டு. 1854 இல் அவர்கள் தொடங்கிய பஞ்சாலைச் சங்கத்தில், இலாபத்தின் ஒரு பகுதி தொழிலாளருக்கும் உரியது என்பது விதி. ஆலை செழித்தது, இலாபங் கருதிப் புதிய பங்காளர் பலர் சேர்ந்தனர். 1862 இல் அவர்தம் வாக்கு மிகுதியால் தொழிலாளர் பங்கு நீக்கப்பட்டது. கணக்கிற் பிழையில்லை, முயற்சியிற் குறைவில்லை, சேர்ந்தவர் நோக்கம் வேறுபட்டமையே மாற்றத்துக்குக் காரணம். யாரைச் சேர்ப்பது, எதற்காகச் சேர்ப்பது என எண்ணாத திட்டம் தன் வெற்றியினாலேயே தன் நோக்கத்தை இழக்கும்.

இக்கதை நமக்குப் புறம்பானதன்று. இலங்கையில் 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு கூட்டுறவு இயக்கம் வேரூன்றியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பங்கீட்டுப் பொருள்களை வழங்கக் கூட்டுறவுக் கடைகள் ஊர்தோறும் பெருகின. நாம் “சங்கக்கடை” என அழைப்பது றொச்டேல் மரபில் வந்த கடையையே. அங்கே கூப்பனோடு வரிசையில் நின்ற பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பர். கடைக்கு உரியவர் தாமே என்னும் எண்ணம் உறுப்பினரிடம் இருந்த சங்கங்கள் நிமிர்ந்து நின்றன. அரசாங்கக் கடையென அவர் எண்ணிய இடத்து அவை தளர்ந்தன.

தமிழ் கற்போர்க்கு இம்முறை புதிதன்று. வள்ளுவனார் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பவற்றை அடுத்தடுத்து வைத்து, அவற்றின்பின் தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்பவற்றை வைத்தார். செயலை எண்ணுதல் முன்னும், செய்வாரைத் தேர்ந்து ஆளுதல் பின்னுமாக அவ்வதிகாரங்கள் தொடர்ந்து நிற்கின்றன. அவை அரசியலுக்கு உரியவாயினும், ஒரு கடைக்கும் பொருந்துவனவே.

ஆகவே, மாணாக்கர்க்கு ஒரு பயிற்சி கூறி முடிப்பேன். உங்கள் ஊரில் ஒரு சிறு தொழிலைத் தேர்ந்து, உரியவரின் இசைவுபெற்று, மூன்று வினாக்களுக்கு விடை எழுதுக: இவர் எந்த நிச்சயமின்மையைத் தாங்குகின்றார்? நட்டமின்றி நிற்க நாளொன்றுக்கு எவ்வளவு விற்றல் வேண்டும்? இவரோடு உழைப்போர் ஏன் இவரை விட்டு நீங்காதிருக்கின்றனர்? தொழில் நடத்தும் பழைய மாணவர்கள் தங்கள் கணக்கேட்டின் ஒரு பக்கத்தை இவர்க்குத் திறந்து காட்டுவராயின், கல்லூரிக்கு அவர் செய்யும் பேருதவி அதுவாகும்.

முன்னர்க் கூறிய மாணாக்கன் தன் தந்தையாரோடு இருந்து அவ்வைந்து கொப்பிகளையும் கூட்டிப் பார்த்தான். யார் யார் எவ்வளவு, எத்துணை நாளாக எனப் பட்டியல் எழுதினர். பழைய கடனைச் சிறுகச் சிறுகப் பெறவும், புதிய கடனுக்கு எல்லை வைக்கவும் துணிந்தனர். முகஞ்சுளித்தோர் உளர், வேறு கடைக்குச் சென்றோரும் உளர். ஆயினுங் கடை பூட்டப்படவில்லை. அப்பட்டியலின் ஒரு பிரதியை அவன் தன் வணிகப் பாடக் கொப்பியின் முதற் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கின்றான். கற்ற கல்வி வீட்டு வாயிலைக் கடந்து உள்ளே சென்றமைக்கு அதனினும் சிறந்த சான்று யானறியேன்.