பலர் கூடி ஆற்றும் நூற்பணி

1991 இல் தோன்றிய லினக்சு, மூலநிரலை யாவர்க்கும் திறந்துவைத்த மென்பொருள். 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் மின்னூற்றொகுதி. இரண்டும் தன்னார்வலர் உழைப்பால் வேரூன்றியவை. இத்தகு பணியிற் பங்குகொள்ளுமாறு யாதென ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் அத்திட்டத்தின் விதிகளைக் கற்றல் வேண்டும். அடுத்து, எடுத்த நூல் முன்னரே ஏறியுள்ளதோ, பதிப்புரிமை தடுக்குமோ எனத் தெளிதல் வேண்டும். பின்னர்ச் சிறு நூலொன்றைத் தட்டெழுதி, மூலத்தோடு எழுத்தெழுத்தாய் ஒப்பிடுக. ஐயமுற்ற பாடத்தைத் தாமே மாற்றாது குறித்துவைக்க. மாற்றின் மூலம் மறைந்துபோம். ஒருவர் எழுதியதை மற்றொருவர் மெய்ப்புப் பார்த்தல் முறை; அவர் காட்டும் பிழையை உவந்தேற்க.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஒற்றைப் படியாயிருந்த சுவடிகள் மீளாதொழிந்தன. நம் மன்னாரின் மாதோட்டப் பாங்குக் கூத்தேடுகளைச் செல் அரிக்குமுன் படியெடுத்தல் நம் கடனாம்.